பக்கத்து அறைக் கணினி தெரியவில்லையா? வீட்டு நெட்வொர்க்கில் ஃபைல் ஷேரிங் சிக்கலை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

"தம்பி, ரெண்டு கம்ப்யூட்டரும் ஒரே வைஃபைலதான் இருக்கு. ஒண்ணுல இருக்கிற கல்யாண போட்டோ இன்னொண்ணுல வரமாட்டேங்குது." மாதத்துக்கு இரண்டு மூன்று முறையாவது எனக்கு இப்படிப் போன் வரும். உறவினர் வீடு, எதிர்வீடு, தெருமுனை ஜெராக்ஸ் கடை என்று பார்த்துப் பார்த்து, எதை முதலில் பார்க்க வேண்டும் என்பதில் எனக்கு ஒரு வரிசை படிந்துவிட்டது. அந்த வரிசைதான் இது. விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

குழப்பம் வராமல் இருக்க, ஃபைல்கள் இருக்கும் கணினியைத் 'தரும் கணினி' என்றும், அதைத் திறக்கப் பார்க்கும் கணினியை 'எடுக்கும் கணினி' என்றும் சொல்கிறேன்.

## எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இந்த ஒரு சோதனை

தரும் கணினியில் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் போய், இணைந்திருக்கும் வைஃபை அல்லது ஈதர்நெட்டின் ப்ராப்பர்ட்டீஸைத் திறங்கள். ஐபிவி4 அட்ரஸ் என்ற இடத்தில் 192.168.1.7 மாதிரி ஓர் எண் இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எடுக்கும் கணினியில் விண்டோஸ் பட்டனோடு ஆர் எழுத்தைச் சேர்த்து அழுத்தி, வரும் சின்னப் பெட்டியில் \\192.168.1.7 என்று அடித்து என்டர் தட்டுங்கள். சாய்கோடு இரண்டும் பின்பக்கம் சாய்ந்தவை. என்டர் பட்டனுக்குப் பக்கத்தில் இருக்கும்.

ஃபோல்டர்கள் திறந்தால் பாதையும் சரி, பூட்டும் சரி, பெயர்தான் தெரியவில்லை. அறிகுறி 1-க்குப் போங்கள். நெடுநேரம் சுற்றிவிட்டு 80070035 என்று முடியும் பிழை எண் வந்தால் பாதையே இல்லை, அறிகுறி 2. யூசர்நேம், பாஸ்வேர்ட் கேட்டு நின்றால் அறிகுறி 3.

பிங் (அந்த எண்ணுக்கு ஒரு சின்னச் செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்ப்பது) போட்டுப் பார்க்கச் சொல்பவர்கள் உண்டு. நான் அதை நம்புவதில்லை. விண்டோஸ் ஃபயர்வால் பிங்கை மட்டும் தடுத்துவிட்டு ஃபைல் ஷேரிங்கை விட்டுவைத்திருக்கலாம். பிங் வரவில்லை என்று ரௌட்டரைக் கழற்றிப் போட்ட வீட்டைப் பார்த்திருக்கிறேன். மேலே சொன்ன எண் சோதனை நமக்கு வேண்டியதை நேராகவே சோதிக்கிறது.

## அறிகுறி 1: எண் போட்டால் திறக்கிறது, நெட்வொர்க் பட்டியலில் பெயர் தெரியவில்லை

ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் நெட்வொர்க்கைத் திறந்து எஃப்5 அழுத்திவிட்டு ஒன்றிரண்டு நிமிடம் பொறுங்கள். இப்போதுதான் ஆன் செய்த கணினி என்றால் உடனே பட்டியலுக்கு வராது.

அப்படியும் வரவில்லையென்றால் சர்வீஸ்களைப் பார்க்க வேண்டும். தரும் கணினியில் ஸ்டார்ட்டை அழுத்தி 'சர்வீசஸ்' என்று தேடித் திறங்கள். ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன் என்று ஒன்று இருக்கும். "நான் இங்கே இருக்கிறேன்" என்று மற்ற கணினிகளுக்கு அறிவிப்பது அதன் வேலை. அது ஓடாவிட்டால் கணினி எண்ணுக்குப் பதில் சொல்லும், பட்டியலில் மட்டும் வராது. அதை இரட்டைக் கிளிக் செய்து, ஸ்டார்ட்டப் டைப்பை ஆட்டோமேடிக் டிலேய்ட் ஸ்டார்ட் என்று மாற்றி, ஸ்டார்ட் அழுத்துங்கள். அதற்கு மேலேயே இருக்கும் ஃபங்ஷன் டிஸ்கவரி ப்ரொவைடர் ஹோஸ்ட், இன்னும் கீழே போனால் எஸ்எஸ்டிபி டிஸ்கவரி, யுபிஎன்பி டிவைஸ் ஹோஸ்ட் மூன்றும் முடக்கப்படாமல் இருக்கின்றனவா என்று இரண்டு கணினியிலும் பார்த்துவிடுங்கள். நான் போன வீடுகளில் முக்கால்வாசி இந்த இடத்திலேயே தீர்ந்தது.

அடுத்து, இரண்டு கணினிக்கும் ஒரே பெயர் இருக்கிறதா? ஒரே கடையில் ஒரே நாளில் விண்டோஸ் போட்டு வாங்கிய கணினிகளில் இது நடக்கும். செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட் போய் ஒன்றின் பெயரை மாற்றி ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும், 15 எழுத்துக்குள், இடைவெளி இல்லாமல்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எஸ்எம்பி 1-ஐ (விண்டோஸ் ஃபைல் பகிரும் முறையின் மிகப் பழைய வடிவம்) ஆன் செய்தால் எல்லாம் தெரியும் என்று சொல்லும் வீடியோக்கள் இன்னமும் சுற்றுகின்றன. தயவுசெய்து செய்யாதீர்கள். 2017 மே மாதம் உலகம் முழுக்க மருத்துவமனைகளையும் அலுவலகங்களையும் முடக்கிய வான்னாக்ரை என்ற கணினிப் புழு பரவியது இந்தப் பழைய எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டின் இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் அதைப் புதிதாகப் போடும் கணினிகளில் சேர்ப்பதைப் படிப்படியாக நிறுத்திவிட்டது. ஒரு பெயர் பட்டியலில் தெரிவதற்காக அந்தக் கதவைத் திறந்துவைக்க வேண்டாம். ஹோம்குரூப் வையுங்கள் என்று சொல்லும் வீடியோக்களும் பழசு. 2018-இலேயே விண்டோஸ் 10-இலிருந்து அது எடுக்கப்பட்டுவிட்டது.

இவ்வளவு செய்தும் பெயர் வரவில்லையா? இதற்கு ஆளைக் கூப்பிட்டுக் காசு செலவழிக்கத் தேவையில்லை. எண் போட்டுத் திறந்த ஃபோல்டரின் மேல் ரைட் கிளிக் செய்து மேப் நெட்வொர்க் டிரைவ் கொடுத்தால் திஸ் பிசியில் ஒரு டிரைவ் மாதிரி உட்கார்ந்துவிடும். நாளை அந்த எண் மாறிவிடாமல் இருக்க, ரௌட்டரின் செட்டிங் பக்கத்தில் டிஹெச்சிபி (ரௌட்டர் தானாக எண் கொடுக்கும் வேலை) ரிசர்வேஷன் அல்லது அட்ரஸ் ரிசர்வேஷன் என்ற இடத்தில் தரும் கணினிக்கு அதே எண்ணை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். ஒதுக்குவதற்கு முன் அந்தக் கணினியின் வைஃபை செட்டிங்கில் ரேண்டம் ஹார்ட்வேர் அட்ரஸ் ஆஃப் ஆக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ரௌட்டர் அதை வேறு கணினி என்று நினைத்து வேறு எண்ணைக் கொடுத்துவிடும்.

## அறிகுறி 2: எண் போட்டாலும் திறக்கவில்லை

முதலில் தரும் கணினி தூங்குகிறதா என்று பாருங்கள். திரை மட்டும் அணைந்திருக்கிறதா, ஸ்லீப்புக்கே போய்விட்டதா? தூங்கும் கணினி ஃபைல் தராது. பவர் செட்டிங்கில், சார்ஜரில் இருக்கும்போது ஸ்லீப் 'நெவர்' என்று வையுங்கள்.

### சமீபத்தில் ரௌட்டர் மாற்றினீர்களா, வைஃபை பெயரை மாற்றினீர்களா?

போனை எடுத்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி இது. ஸ்ரீரங்கத்தில் என் அக்கா வீட்டில் இரண்டு வருடமாக ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஷேரிங் ஒரு நாள் காலையில் நின்றுபோனது. "நான் எதையுமே தொடலடா" என்றாள். தொடவில்லைதான். முந்தின நாள் மத்தியானம் ஃபைபர் கனெக்‌ஷன்காரர் வந்து பெட்டியை மாற்றிவிட்டுப் போயிருந்தார். புதுப் பெட்டி என்றால் விண்டோஸுக்கு அது புது நெட்வொர்க். புது நெட்வொர்க்கைப் பார்த்தால் அது பேருந்து நிலைய வைஃபையைப் போலத்தான் நடத்தும்: பப்ளிக் என்று வைத்து, தன்னை யாருக்கும் காட்டாது, யாரையும் உள்ளே விடாது.

சரிசெய்ய ஒரு நிமிடம் போதும். செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், இணைந்திருக்கும் நெட்வொர்க்கின் ப்ராப்பர்ட்டீஸ், அங்கே பிரைவேட் நெட்வொர்க். இரண்டு கணினியிலும் செய்யுங்கள். பிறகு விண்டோஸ் 11 என்றால் அதே இடத்தில் அட்வான்ஸ்ட் நெட்வொர்க் செட்டிங்ஸ், அட்வான்ஸ்ட் ஷேரிங் செட்டிங்ஸ். விண்டோஸ் 10 என்றால் கன்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டர் வழியாக. பிரைவேட் என்ற தலைப்பின் கீழ் நெட்வொர்க் டிஸ்கவரி, ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங் இரண்டையும் ஆன் செய்யுங்கள்.

பப்ளிக் தலைப்பின் கீழ் இருப்பதை அணைத்தே வையுங்கள். எக்ஸ்ப்ளோரரில் வரும் மஞ்சள் பட்டையை அழுத்தினால், எல்லா பப்ளிக் நெட்வொர்க்கிலும் ஆன் செய்யவா என்று கேட்கும். வேண்டாம், இந்த நெட்வொர்க்கை பிரைவேட் ஆக்கு என்ற பதிலையே தேர்ந்தெடுங்கள். அதே லேப்டாப்பை நாளைக்கு ஒரு லாட்ஜ் வைஃபையில் திறப்பீர்கள். உங்கள் வீட்டுப் போட்டோ ஃபோல்டர் பக்கத்து அறைக்காரருக்குத் தெரியக்கூடாது.

### இரண்டு எண்களின் முதல் மூன்று பகுதியும் ஒன்றாக இருக்கிறதா?

எடுக்கும் கணினியின் ஐபிவி4 எண்ணையும் எழுதுங்கள். ஒன்று 192.168.1.7, இன்னொன்று 192.168.1.12 என்றால் ஒரே தெரு. ஒன்று 192.168.1.7, இன்னொன்று 192.168.0.5 என்றால் வீட்டுக்குள் இரண்டு தெரு இருக்கிறது என்று அர்த்தம். ஃபைபர் பெட்டி ஒன்று, மாடிக்கு வைஃபை எட்டவில்லை என்று பிறகு வாங்கிய ரௌட்டர் ஒன்று, இரண்டுமே எண் கொடுத்துக்கொண்டிருக்கும். இந்த வீடுகளில் ஒரு விசித்திரம் நடக்கும். மாடிக் கணினியிலிருந்து கீழே இருப்பது எண் போட்டால் திறக்கும்; கீழேயிருந்து மாடிக்குத் திறக்காது. ஒருவழிப் பாதையாக இருந்தால் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

மாடி ரௌட்டரின் செட்டிங் பக்கத்தில் ஆக்சஸ் பாயின்ட் மோட் (எண் கொடுக்காமல் வைஃபையை மட்டும் பரப்பும் நிலை) இருந்தால் அதற்கு மாற்றி, ரௌட்டரையும் கணினிகளையும் ரீஸ்டார்ட் செய்யுங்கள். அந்த மோட் இல்லாத பழைய ரௌட்டர் என்றால், அதன் சொந்த முகவரியை ஃபைபர் பெட்டியோடு மோதாத எண்ணாக (உதாரணமாக 192.168.1.250) மாற்றி, அதில் டிஹெச்சிபியை அணைத்து, கேபிளை வான் (WAN) துளையிலிருந்து எடுத்து லேன் (LAN) துளையில் செருகுங்கள். இதே வரிசையில்தான் செய்ய வேண்டும். டிஹெச்சிபியை முதலில் அணைத்துவிட்டால் ரௌட்டரின் செட்டிங் பக்கத்துக்குத் திரும்ப நுழைவதே பெரும்பாடாகிவிடும்.

எண் 169.254 என்று தொடங்கினால் அந்தக் கணினிக்கு ரௌட்டரிடமிருந்து எண்ணே வரவில்லை. கேபிளையும் வைஃபை பாஸ்வேர்டையும் பாருங்கள்.

### எண்கள் சரி, அப்படியும் திறக்கவில்லை

ஒரு கணினி கெஸ்ட் வைஃபையில் இருக்கிறதா? விருந்தாளிகளுக்காக வைத்திருக்கும் அந்த நெட்வொர்க்கில் இன்டர்நெட் வரும், வீட்டுக்குள் இருக்கும் மற்றவை தெரியாது. அப்படித்தான் அது இருக்கவும் வேண்டும். வழக்கமான வைஃபையிலேயே ஏபி ஐசொலேஷன் அல்லது கிளையன்ட் ஐசொலேஷன் ஆன் ஆகியிருந்தாலும் இதேதான். கண்டுபிடிக்க ஒரு வழி: ஒரு கணினியை கேபிள் மூலம் ரௌட்டரில் செருகிப் பாருங்கள். உடனே திறந்தால் குற்றவாளி வைஃபை ஐசொலேஷனாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அலுவலக விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் துண்டித்துவிட்டுப் பாருங்கள். தனியாக வாங்கிப் போட்ட ஆன்டிவைரஸ் இருந்தால் அதற்குச் சொந்தமாக ஒரு ஃபயர்வால் இருக்கலாம். விண்டோஸில் பிரைவேட் என்று வைத்தாலும் அது பப்ளிக் என்றே நினைத்துக்கொண்டிருக்கும். அதற்குள் போய் ஹோம் அல்லது டிரஸ்டட் என்று மாற்றுங்கள். ஆன்டிவைரஸை ஒட்டுமொத்தமாக அணைத்துவைத்துவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள்.

ஃபைபர் பெட்டியின் செட்டிங் பக்கம் உங்களுக்குத் திறக்கவில்லை, அல்லது ஐசொலேஷன் இருக்கும் இடம் பூட்டியிருக்கிறது என்றால் கனெக்‌ஷன் கொடுத்த நிறுவனத்தைத்தான் கூப்பிட வேண்டும். "வைஃபைல ஐசொலேஷனை எடுத்துவிடுங்க" அல்லது "பெட்டியை பிரிட்ஜ் மோடுல போட்டுக்கொடுங்க" (எண் கொடுக்கும் வேலையை உங்கள் ரௌட்டருக்கே விட்டுவிடுவது) என்று குறிப்பாகக் கேளுங்கள். "நெட் வரல" என்று புகார் கொடுத்தால் வந்து வேகத்தை அளந்து காட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

## அறிகுறி 3: பாஸ்வேர்ட் கேட்கிறது, எதைப் போட்டாலும் ஏற்கவில்லை

இதில்தான் ஆட்கள் அதிகம் நொந்துபோகிறார்கள். என் அத்தை ஒருவர், ஒவ்வொரு எண்ணாகத் தட்டச்சுப் பலகையில் விரலை வைத்து, நிறுத்தி நிதானமாக நான்கு இலக்கம் அடித்தார். தவறு என்றது. மறுபடியும் அடித்தார். "தெனமும் இதைப் போட்டுத்தானே உள்ள போறேன், இப்ப மட்டும் ஏன் தப்புங்குது?" அவர் அடித்தது பின் நம்பர். பின் நம்பர் அந்தக் கணினியின் முன் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும்தான். நெட்வொர்க் வழியாக அது செல்லாது. கைரேகையும் முகமும் அப்படியே.

கேட்பது தரும் கணினியில் இருக்கும் கணக்கின் பாஸ்வேர்ட். எடுக்கும் கணினியின் பாஸ்வேர்ட் கிடையாது. தரும் கணினியில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைகிறீர்கள் என்றால் யூசர்நேம் இடத்தில் முழு மின்னஞ்சலும், பாஸ்வேர்ட் இடத்தில் அந்தக் கணக்கின் உண்மையான பாஸ்வேர்டும் வேண்டும். பலருக்கு அது மறந்தே போயிருக்கும். கணக்குக்கு பாஸ்வேர்டே வைக்காமல் வெறுமையாக விட்டிருந்தாலும் விண்டோஸ் நெட்வொர்க் வழியாக உள்ளே விடாது.

அதனால் நான் இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குப் போனாலும் ஷேரிங்குக்கென்று தனியாக ஒரு லோக்கல் கணக்கு உருவாக்கிவிடுகிறேன். தரும் கணினியில் செட்டிங்ஸ், அக்கவுன்ட்ஸ், அதர் யூசர்ஸ், ஆட் அக்கவுன்ட். மின்னஞ்சல் கேட்கும், இவருடைய சைன் இன் விவரம் என்னிடம் இல்லை என்பதை அழுத்தி, அடுத்த பக்கத்தில் மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் சேர்ப்பதைத் தேர்ந்தெடுங்கள். எளிய ஆங்கிலப் பெயர், நல்ல பாஸ்வேர்ட். பிறகு பகிர வேண்டிய ஃபோல்டரில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், ஷேரிங், ஷேர். அந்தக் கணக்கைச் சேர்த்து ரீட் அல்லது ரீட்/ரைட் கொடுங்கள். வீட்டில் எல்லாரும் அந்த ஒரு பெயரையும் பாஸ்வேர்டையும் வைத்து நுழையலாம். உங்கள் மின்னஞ்சல் பாஸ்வேர்டை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

எடுக்கும் கணினியில் நுழையும்போது யூசர்நேம் இடத்தில் தரும் கணினியின் பெயர், ஒரு பின்சாய்கோடு, கணக்கின் பெயர் என்று சேர்த்து அடியுங்கள். முன்பு தப்பாகச் சேமித்த பாஸ்வேர்டையே விண்டோஸ் மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டிருக்கலாம். கன்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜர், விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ் போய் தரும் கணினியின் பெயரிலோ எண்ணிலோ இருப்பதை நீக்குங்கள். ஒரே சமயத்தில் இரண்டு பெயரில் நுழைய முடியாது என்று பிழை வந்தால் ரீஸ்டார்ட் செய்தால் போதும்.

பாஸ்வேர்ட் ப்ரொடெக்டட் ஷேரிங்கை அணைத்துவிட்டால் கேள்வியே வராது என்பார்கள். அணைக்காதீர்கள். வைஃபை பாஸ்வேர்டைத் தெரிந்த பக்கத்து வீட்டுப் பையன்கூட உங்கள் ஆதார், பேங்க் ஸ்கேன் இருக்கும் ஃபோல்டரைத் திறக்க முடியும் என்றால் அது ஷேரிங் ஆகாது.

### 'ஆர்கனைசேஷன் செக்யூரிட்டி பாலிசி' என்று பிழை வருகிறது

இது பெரும்பாலும் ரௌட்டரில் செருகிய ஹார்ட் டிஸ்க், பழைய நாஸ் பெட்டி (நேராக நெட்வொர்க்கில் செருகும் ஹார்ட் டிஸ்க் பெட்டி) இவற்றைத் திறக்கும்போது வரும். பாஸ்வேர்ட் இல்லாமல் கெஸ்ட்டாக நுழைவதை விண்டோஸ் தடுக்கிறது என்று அர்த்தம். 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பில் ப்ரோ வைத்திருப்பவர்களுக்கும் இது கண்டிப்பாகிவிட்டது. அதே பதிப்பின் ப்ரோவில் எஸ்எம்பி சைனிங்கும் (வரும் தகவல் வழியில் மாற்றப்படவில்லை என்று சரிபார்ப்பது) கட்டாயம். விண்டோஸில் அந்தப் பாதுகாப்பைத் தளர்த்துவதற்கு முன், பெட்டியின் செட்டிங் பக்கத்தில் யூசர்நேமும் பாஸ்வேர்டும் வைக்க முடிகிறதா, புது ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் ஓடும் மென்பொருள்) வந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லாத பழைய பெட்டி என்றால் அந்த டிஸ்கைக் கழற்றி, எப்போதும் ஆன் ஆகியிருக்கும் கணினியில் செருகி அங்கிருந்து பகிருங்கள்.

### பாஸ்வேர்ட் சரி என்று உறுதி, இரண்டும் 24ஹெச்2 அல்லது அதற்குப் பிந்தையது

ஒரே டிஸ்கை நகலெடுத்து விண்டோஸ் போட்ட கணினிகளா என்று யோசியுங்கள். கடைகளில் நேரம் மிச்சப்படுத்த இப்படிச் செய்வதுண்டு. இரண்டு கணினிக்கும் உள்ளே ஒரே அடையாள எண் இருக்கும். 2025 ஆகஸ்ட் இறுதியிலிருந்து வரும் அப்டேட்டுகள் அப்படிப்பட்ட இரண்டு கணினிகளை ஒன்றோடொன்று பேச விடுவதில்லை. பெயரை மாற்றினாலும் தீராது. ஒன்றில் விண்டோஸைப் புதிதாகப் போட வேண்டும். டேட்டாவை பேக்கப் எடுக்கத் தெரியாவிட்டால் இந்த இடத்தில் ஆளைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 4: ஃபோல்டர் பெயர் தெரிகிறது, உள்ளே விடவில்லை, அல்லது படிக்க முடிகிறது, எழுத முடியவில்லை

ஒரு ஃபோல்டருக்கு இரண்டு அனுமதி உண்டு: ஷேரிங் டேபில் ஒன்று, செக்யூரிட்டி டேபில் ஒன்று. இரண்டில் எது கறாரானதோ அதுதான் செல்லும். அட்வான்ஸ்ட் ஷேரிங் வழியாகப் போனவர்கள் முதலாவதை மட்டும் மாற்றியிருப்பார்கள். நான் சொன்னபடி சாதாரண 'ஷேர்' பட்டன் வழியாகப் போனால் இரண்டையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

பத்து ஃபைலில் இரண்டு மட்டும் திறக்கவில்லையா? அந்த இரண்டும் அதே டிரைவில் வேறோர் ஃபோல்டரிலிருந்து கட் செய்து ஒட்டியவையாக இருக்கலாம். பழைய அனுமதியைக் கூடவே கொண்டுவந்திருக்கும். காப்பி செய்து ஒட்டினால் புது இடத்தின் அனுமதியைப் பெறும். பகிரும் ஃபோல்டரை டெஸ்க்டாப்பிலோ டாக்குமென்ட்ஸிலோ வைக்காமல் டி டிரைவில் தனியாக வையுங்கள். ஒன்டிரைவ் அந்த இடங்களை எடுத்துக்கொண்டிருந்தால், ஃபைல் பெயர் மட்டும் இங்கே இருக்கும், ஃபைல் இணையத்தில் இருக்கும்.

## அறிகுறி 5: டிவியிலோ போனிலோ கணினி தெரியவில்லை

டிவி கெஸ்ட் வைஃபையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டிவியிலேயே இருக்கும் மீடியா ஆப் பெரும்பாலும் டிஎல்என்ஏ முறையில் தேடும். அதற்கு நீங்கள் செய்த ஃபோல்டர் ஷேரிங் தெரியாது. கன்ட்ரோல் பேனலில் மீடியா ஸ்ட்ரீமிங் ஆப்ஷன்ஸைத் தனியாக ஆன் செய்ய வேண்டும். அதைவிட எளிது, ஆண்ட்ராய்டு டிவியில் விஎல்சி போட்டு, தரும் கணினியின் எண்ணும் நாம் உருவாக்கிய கணக்கும் கொடுப்பது. போனிலும் இதே வழி. பழைய ஆப் சில எஸ்எம்பி 1 மட்டுமே பேசும். ஆப்பை மாற்றுங்கள், கணினியை மாற்றாதீர்கள்.

## அறிகுறி 6: எல்லாம் திறக்கிறது, காப்பி ஆக மணிக்கணக்காகிறது

காப்பி ஆகும்போது வரும் பெட்டியில் வேகத்தைப் பாருங்கள். நொடிக்கு 11 எம்பிக்குப் பக்கத்தில் வந்து அசையாமல் நிற்கிறதா? எங்கேயோ ஓரிடத்தில் இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸில் (நொடிக்கு 100 மெகாபிட்; எட்டு பிட் ஒரு பைட்) ஓடுகிறது. ஜிகாபிட் கேபிளில் 100 எம்பிக்கு மேல் வர வேண்டும். வேகம் ஏறி இறங்கித் தள்ளாடினால் அது வைஃபை. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள், அல்லது பெரிய காப்பிக்கு மட்டும் கேபிள் செருகுங்கள்.

கேபிளிலேயே 11-இல் நிற்கிறது என்றால் ஈதர்நெட் ப்ராப்பர்ட்டீஸில் லிங்க் ஸ்பீட் 100/100 என்று இருக்கும். கேபிளை ஃபைபர் பெட்டியின் வேறு துளைக்கு மாற்றிப் பாருங்கள். பல பெட்டிகளில் ஒரு துளை மட்டும்தான் ஜிகாபிட். அடுத்து கேபிளின் முனையைக் கையில் எடுத்து, கண்ணாடி மாதிரி இருக்கும் பிளக்கின் உள்ளே பாருங்கள். எட்டு நிறக் கம்பிகள் தெரிய வேண்டும். எங்கள் தெரு ஜெராக்ஸ் கடையில் நான்குதான் இருந்தன. மீதி நான்கையும், பிளக்கைக் கிரிம்ப் செய்தவர் (கம்பியில் அழுத்திப் பொருத்தியவர்) மடக்கி வெட்டிவிட்டிருந்தார். 100-க்கு நான்கு போதும், ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். எட்டும் இருந்து லிங்க் ஸ்பீட் மட்டும் ஏறவில்லையென்றால், ஒரு சின்ன ரெடிமேட் கேட்6 கேபிளைச் செருகிப் பாருங்கள். அதில் 1000 வந்துவிட்டால் சுவருக்குள் போகும் கேபிளில்தான் பழுது. எலி கடித்திருக்கலாம், ஆணி இறங்கியிருக்கலாம். டெஸ்டர் வைத்திருக்கும் கேபிளிங் ஆளைக் கூப்பிட்டு, முதலில் இரண்டு முனையையும் புதிதாகக் கிரிம்ப் செய்து சோதிக்கச் சொல்லுங்கள். அப்படியும் டெஸ்டரில் எட்டு விளக்கும் எரியாவிட்டால் மட்டும் புது கேபிள் இழுக்கச் சொல்லுங்கள்.